குவாண்டம் புள்ளி குப்பியில் தயார். சிப்பில் ஏற ஏன் இத்தனை தடை?

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19-ல் ஒப்புதல் தந்தது, மதிப்பு 6,003.65 கோடி ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் குவாண்டம் புள்ளிகள் எனும் சில நானோமீட்டர் அளவுக் குறைக்கடத்தித் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மவுங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எக்கிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்த பலர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: கியூஎல்இடி டி.வி.யில் இருக்கும் அதே துகளைச் சிலிக்கான் சிப்பில் ஒட்டினால் குவாண்டம் கணினி வந்துவிடும் என்று. துகள் ஒரே குடும்பம்தான். ஆனால் டி.வி.யிலிருந்து சிப்புக்கு வரும் வழியில் மூன்று தடைகள் உண்டு. ஒளித்துகளை ஒவ்வொன்றாகத் தருவது ஓரளவு தாண்டப்பட்டுவிட்டது, புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பது பாதி தாண்டப்பட்டிருக்கிறது, ஒளித்துகள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பது இன்னும் அப்படியே தடையாக நிற்கிறது. அந்த மூன்றாவது தடை பெரும்பாலும் வேதியியல் சார்ந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வேதியியல் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டிய காரணமும் அதுவே.

## புள்ளி என்பது என்ன

குறைக்கடத்தி ஒன்றில் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பும். அது விட்டுச்சென்ற இடம் ‘துளை’. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்து திரியும். அந்த இணைக்கு எக்ஸைட்டான் என்று பெயர். காட்மியம் செலினைடில் இந்த இணை இயல்பாகப் பரவும் ஆரம் சுமார் 5.6 நானோமீட்டர். படிகத்தையே அதைவிடச் சிறிதாக்கினால் இணை நெருக்கப்படும், அதன் ஆற்றல் உயரும். அதனால் ஒரே பொருள், அளவு மாறினாலே நிறம் மாறுகிறது. காட்மியம் செலினைடு கட்டியாக இருக்கையில் ஆற்றல் இடைவெளி 1.74 எலக்ட்ரான் வோல்ட், அதாவது கருஞ்சிவப்பு. 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும், 2 நானோமீட்டரை ஒட்டிய துகள் நீலப்பச்சையாகவும் ஒளிரும்.

எக்கிமோவ் 1980-களின் தொடக்கத்தில் இதைக் கண்ணாடிக்குள் கண்டார். 1983-ல் புரூஸ் திரவத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். 1993-ல் பவெண்டி குழு சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று ஊசியால் செலுத்தி, ஏறக்குறைய ஒரே அளவுத் துகள்களைச் செய்யும் முறையைக் கொடுத்தது. திரவத்தில் மிதக்கும் இவையே கூழ்மக் குவாண்டம் புள்ளிகள்.

இவற்றுக்கு ஒரு போட்டியாளர் உண்டு: கேலியம் ஆர்சனைடு தகட்டின் மேல் வெற்றிட அறையில் வளர்க்கப்படும் இண்டியம் ஆர்சனைடு புள்ளி. ஒளியின் தரத்தில் இன்று முன்னணியில் இருப்பது அதுதான். ஆனால் அது வளர்ந்த தகட்டோடு பிணைந்தது. தகட்டில் எங்கே முளைக்கும் என்பதும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. கூழ்மப் புள்ளியைக் குப்பியில் செய்து, எந்தப் பரப்பின் மேலும் ஊற்றலாம். பெரிய அளவில் செய்வதற்கு இதை ஆய்வாளர்கள் விடாமல் துரத்துவது இந்த ஒரு குணத்துக்காகவே.

## டி.வி.க்குப் போதுமானது சிப்புக்கு ஏன் போதாது

டி.வி.யில் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து நீல ஒளியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றன. ஒரு புள்ளி அணைந்தாலும், நிறம் சற்று விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. குவாண்டம் ஒளிச் சிப்பில் ஓர் இடத்தில் ஒரே புள்ளிதான் இருக்கும்; ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும் அது ஒரே ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, தர வேண்டும். அந்த ஃபோட்டானை இரண்டு அளவுகோல்களால் எடைபோடுகிறார்கள்.

1. தூய்மை. ஒளியைச் சரிபாதியாகப் பிரிக்கும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உணர்விகள் வைக்கப்படும். ஒரே ஃபோட்டான் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்கக் கூடாது. இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்ணை ஜி-2 என்கிறார்கள். பூஜ்யம் என்றால் முழுத் தூய்மை. 0.5-க்குக் கீழே இறங்கினால் ஒளிர்வது ஒற்றைப் புள்ளி என்று கொள்ளலாம், குவாண்டம் கணினிக்கு 0.01-க்கும் கீழே வேண்டும்.

2. ஒப்புமை. இரண்டு ஃபோட்டான்கள் நிறம், வடிவம், முனைவாக்கம் எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால், அவை பிரிப்புக் கண்ணாடியின் இரு பக்கமிருந்து ஒரே கணத்தில் வரும்போது எப்போதும் ஜோடியாக ஒரே பக்கம் வெளியேறும். இதுவே ஹாங்-ஓ-மாண்டல் விளைவு. ஒளி வழியாகக் கணிக்கும் குவாண்டம் கணினி இந்த ஜோடி சேர்தலின் மேல்தான் கட்டப்படுகிறது.

தூய்மை கூழ்மப் புள்ளிக்கு எளிதாகவே வருகிறது. 2000-ஆம் ஆண்டிலேயே அறை வெப்பநிலையில் காட்டிவிட்டார்கள். அதனால் ‘அறை வெப்பநிலையில் ஒற்றை ஃபோட்டான்’ என்ற செய்தி புதிதல்ல. ஒப்புமையைப் பற்றி அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் சொல்லியிருக்காது.

## குப்பியில் நடப்பது

ஒப்புமைக்கு இன்று அதிகம் நம்பப்படுவது சீசியம் லெட் புரோமைடு என்ற பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிக அமைப்பு) புள்ளி. 2015-ல் சூரிச் இடிஎச் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட செய்முறை இன்றும் அடிப்படை. அளவுகளோடு பார்த்தால் எங்கே தவறும் என்பது புரியும்.

1. சீசியம் கார்பனேட் 0.814 கிராம், ஆக்டாடெசீன் 40 மி.லி., ஓலியிக் அமிலம் 2.5 மி.லி. மூன்றையும் வெற்றிடத்தில் 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்தி, பிறகு நைட்ரஜனில் 150 டிகிரிக்கு ஏற்றித் தெளியவிட்டால் சீசியம் ஓலியேட் கிடைக்கும்.
2. இன்னொரு மூன்று கழுத்துக் குடுவையில் லெட் புரோமைடு 0.069 கிராம், ஆக்டாடெசீன் 5 மி.லி. இதுவும் 120 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு மணி நேரம். பிறகு உலர்ந்த ஓலைலமீன், ஓலியிக் அமிலம் தலா அரை மி.லி.
3. ஈய உப்பு முழுதும் கரைந்த பின் 140 முதல் 200 டிகிரிக்குள் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, சீசியம் ஓலியேட் 0.4 மி.லி.யை ஒரே மூச்சில் ஊசியால் செலுத்த வேண்டும். ஐந்து விநாடி கழித்துக் குடுவையைப் பனிக்கட்டி நீரில் இறக்க வேண்டும்.

சீசியம் ஓலியேட் அறை வெப்பநிலையில் உறைந்து வீழ்படிவாகிவிடும். 100 டிகிரிக்குச் சூடாக்கிய பின்தான் உறிஞ்ச வேண்டும். அதைச் செய்யாமல் மேல் தெளிவை மட்டும் எடுத்தால் சீசியம் குறைந்து, வேறு விகிதமுள்ள சேர்மம் வரும். ஈய உப்பு முழுதாகக் கரைவதற்கு முன் ஊசி போட்டால் துகள்கள் அளவு கலந்து வரும்.

கழுவுவதில்தான் பெரும்பாலும் கை நழுவுகிறது. புள்ளியைச் சுற்றி ஓலைலமீன், ஓலியேட் போன்ற நீண்ட மூலக்கூறுகள் தோல்போல் ஒட்டியிருக்கும். இவை லிகண்டுகள். காட்மியம் செலினைடில் இவை கெட்டியாகப் பிடித்திருக்கும். பெரோவ்ஸ்கைட்டில் பிடிப்பு தளர்வு, ஒட்டுவதும் கழல்வதுமாக இருக்கும். எத்தனால், மெத்தனால் ஊற்றி வீழ்ப்படியவைத்தால் தோலும் உரிந்து துகளும் கரையத் தொடங்கும். எத்தில் அசிட்டேட் அல்லது மெத்தில் அசிட்டேட் அளவாகச் சேர்ப்பது பாதுகாப்பு. ஒரே மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டம் இரண்டையும் வைத்திருக்கும் லிகண்டுகளை 2018 முதல் பயன்படுத்துகிறார்கள். இரண்டு கொக்கியும் ஒருசேரக் கழல்வது அரிது என்பதால் துகள் பலமுறை கழுவினாலும் தாங்கும்.

ஒற்றைப் புள்ளியைப் பார்க்க வேண்டுமானால் கரைசலை மிக நீர்க்கச் செய்ய வேண்டும். ஒரு மைக்ரோமோலார் கரைசலைப் பத்து பிக்கோமோலாருக்குக் கொண்டுவருவது லட்சம் மடங்கு நீர்த்தல். ஒரே தாவலில் செய்யாமல் நூறு, நூறு, பத்து என்று படிப்படியாகச் செய்வார்கள். நீர்க்க நீர்க்கத் தளர்ந்த லிகண்டுகள் கரைப்பானுக்குள் போய்விடும், பெரோவ்ஸ்கைட் புள்ளி வெறும் உடம்போடு நின்று சிதையும். கரைப்பானிலேயே சில சதவீதம் பாலிஸ்டைரீன் கலந்துகொள்வதும், நீர்த்த கையோடு சுழல்பூச்சு போட்டுவிடுவதும் இதற்காகத்தான்.

## சிமிட்டல்: ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கிறது

ஒற்றைப் புள்ளியை நுண்ணோக்கியில் பார்த்தால் அது எரிந்து எரிந்து அணையும். 1996-ல் இதை முதலில் பதிவு செய்தார்கள். புள்ளியில் ஒரு கூடுதல் மின்னூட்டம் தங்கிவிட்டால், எக்ஸைட்டானின் ஆற்றல் ஒளியாக வராமல் அந்தக் கூடுதல் மின்னூட்டத்துக்குத் தாவி வெப்பமாகிவிடும். இதற்கு ஆஷே சிதைவு என்று பெயர். சிமிட்டலுக்கு வேறு வழிகளும் உண்டு, முக்கியமானது இது.

2008-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு மருந்தைக் காட்டின: காட்மியம் செலினைடு கருவின் மேல் காட்மியம் சல்ஃபைடை அடுக்கடுக்காகத் தடித்த ஓடாக வளர்ப்பது. மூன்று, நான்கு நானோமீட்டர் கரு, ஓடோடு சேர்ந்து 15 நானோமீட்டர் வரை போகும். சிமிட்டல் பெருமளவு அடங்கியது.

இங்கே ஒரு சிக்கல். தூய்மையைக் காத்துத் தந்ததும் இதே ஆஷே சிதைவுதான். லேசர் துடிப்பு பலமாக இருந்து ஒரு புள்ளியில் இரண்டு எக்ஸைட்டான்கள் பிறந்தால், ஒன்று ஆஷே வழியாக வெப்பமாகிவிடும், மிச்சமிருப்பது ஒரே ஃபோட்டானைத் தரும். தடித்த ஓடு ஆஷேயை அடக்கினால் இரண்டு எக்ஸைட்டானும் ஒளியாக வரும். ஜி-2 மதிப்பு ஏறும். ஆக ஓடு தடித்தால் நிலையான ஒளி, குறைந்த தூய்மை. மெலிந்தால் தூய்மை உண்டு, சிமிட்டலும் உண்டு. ‘சிமிட்டாத புள்ளி’ என்று மட்டும் பெருமை பேசும் அறிக்கையில் ஜி-2 என்ன என்று கேட்பது இதனால்தான்.

## சிப்பின் பக்கம்

சிலிக்கான் 1.1 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விழுங்கிவிடும். பச்சை, சிவப்பு ஒளிரும் புள்ளிகளுக்கு அது உதவாது. அதனால் சிலிக்கான் நைட்ரைடில் ஒளிவழிகளைச் செதுக்குகிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2. கண்ணாடி அடுக்கின் மேல் சில நூறு நானோமீட்டர் அகலமுள்ள வரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி அதற்குள்ளேயே ஓடும்.

நல்ல நைட்ரைடு படிய 800 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். புள்ளி அதைத் தாங்காது. எனவே சிப்பின் வேலை முழுதும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் புள்ளியை ஏற்ற முடியும். குறைந்த வெப்பத்தில் பிளாஸ்மா முறையில் நைட்ரைடு போட்டால் வேறு தொல்லை: அதில் சிலிக்கான் கூடினால் நீல லேசர் பட்டதும் நைட்ரைடே மங்கலாக ஒளிரும். அந்தப் பின்னணி ஒளி ஜி-2 மதிப்பைக் கெடுக்கும். புள்ளி நன்றாக இருந்தும் அளவீடு மோசமாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நைட்ரைடை. புள்ளி இல்லாத வெற்று இடத்தில் அதே லேசரை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புள்ளி ஒளிவழியின் மேல் உட்கார்ந்தால், வழியிலிருந்து வெளியே கசியும் மங்கும் புலத்தை மட்டுமே தொடும். அதனால் ஃபோட்டான்களில் ஒரு பகுதிதான் வழிக்குள் இறங்கும். மிச்சம் காற்றில் சிதறும். இதைச் சரிசெய்ய ஒளிவழியில் வரிசையாகத் துளையிட்டு ஒத்ததிர்வுக் குழி அமைக்கிறார்கள். குழிக்குள் ஒளி நிலை அலையாக நிற்கும். 520 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு, அலையின் உச்சத்திலிருந்து 70, 80 நானோமீட்டர் தள்ளினால் கணு. அங்கே புலம் பூஜ்யம். புள்ளி அங்கே விழுந்தால் குழி இருந்தும் இல்லாததுபோல்தான். சில பத்து நானோமீட்டர் துல்லியம் கேட்கப்படுவதன் காரணம் இது.

## ஒரு பள்ளத்தில் ஒரு புள்ளி

ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறையில், கண்ணாடிப் பலகையின் மேல் உலோகச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறச் சிமென்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் அதனதன் இடத்தில் நிற்கும். பிறகுதான் மேலே சிமென்டும் மணலும் இட்டு அழுத்துவார்கள். சிப்பில் செய்வதும் இதே வரிசைதான்: அச்சு வை, ஊற்று, அச்சை எடு. ஒரு வித்தியாசம், கல் பட்டறையில் எந்த அறையில் எவ்வளவு ஊற்றுவது என்பது கைக்குத் தெரியும். இங்கே அறை 60, 70 நானோமீட்டர்; துகள் 10 நானோமீட்டர்; எது எங்கே விழும் என்று யாரும் கைபிடித்து வைக்க முடியாது.

வழக்கமான முறை இப்படி:

1. சிப்பின் மேல் பிஎம்எம்ஏ என்ற பாலிமர் பூசி, எலக்ட்ரான் கற்றையால் குழியில் ஒளி உச்சமாக நிற்கும் இடத்தில் மட்டும் துளை திறப்பார்கள்.
2. புள்ளிக் கரைசலின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டுக்கும் சிப்புக்கும் இடையே பிடித்து மெல்ல இழுப்பார்கள். துளியின் விளிம்பு பின்வாங்கும்போது நுண்புழை விசை துகளைத் துளைக்குள் தள்ளும்.
3. பாலிமரைக் கரைத்து நீக்கினால், துளையில் விழுந்தவை மட்டும் சிப்பில் மிஞ்சும்.

புள்ளிகள் வழக்கமாகத் டொலுயீனில் இருக்கும். டொலுயீன் பிஎம்எம்ஏ-வைக் கரைக்கும். அப்படியே ஊற்றினால் அச்சே கரைந்து துளைகள் மூடிவிடும். ஹெக்சேன் அல்லது ஆக்டேனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் குளிரூட்டாத அறையில் ஹெக்சேன் துளி பாதி வழியிலேயே உலர்ந்து விளிம்பில் வளையமாகப் படியும். கொதிநிலை 126 டிகிரி உள்ள ஆக்டேன் நிதானமாகப் பின்வாங்கும். கடைசியில் பாலிமரை நீக்க ஊற்றும் அசிட்டோன், பெரோவ்ஸ்கைட் புள்ளியைக் கெடுக்கும். எனவே இந்த முறை காட்மியம் வகைக்கே இயல்பாகப் பொருந்துகிறது. பெரோவ்ஸ்கைட்டுக்கு மின்புலத்தால் நுண்துளி இழுக்கும் இங்க்ஜெட் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நைட்ரைடு குழிகளின் மேல் காட்டியிருக்கிறார்கள். அச்சும் வேண்டாம், அசிட்டோனும் வேண்டாம்.

அடுத்தது கணக்கு. துகள்கள் தற்செயலாக விழுகின்றன, சராசரி ஒரு துளைக்கு ஒன்று என்றால், சரியாக ஒன்றே விழும் வாய்ப்பு 37 சதவீதம். மிச்சம் காலியாகவோ, இரண்டு மூன்று சேர்ந்தோ இருக்கும். பத்துத் துளையும் சரியாக அமைய 0.37-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: இருபதாயிரம் சிப்பில் ஒன்று. துளைக்கு 90 சதவீதம் வெற்றி வந்தாலும் பத்துத் துளைக்கு 35 சதவீதம், ஐம்பது துளைக்கு வெறும் அரை சதவீதம். ‘ஒரு புள்ளியை ஒரு குழியில் இணைத்தோம்’ என்பதற்கும் ‘பெரிய அளவில் செய்ய முடியும்’ என்பதற்கும் உள்ள தூரம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

இதற்குக் கிடைத்த நல்ல வழி, புள்ளியைப் பெரிதாக்குவது. காட்மியம் வகைப் புள்ளியைச் சுற்றி டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டும் அம்மோனியாவும் கொண்டு சிலிக்கா ஓட்டை நூறு நானோமீட்டர் அளவுக்கு வளர்த்துவிட்டால், ஒரு துளைக்குள் இன்னொன்று நுழைய இடமே இருக்காது. தற்செயல் கணக்கு உடைகிறது. புள்ளி உருண்டையின் நடுவில் இருப்பதால் இடமும் தானாகத் துல்லியமாகிறது. விலையும் உண்டு: நடுவில் இருக்கும் புள்ளி ஒளிவழியிலிருந்து 50 நானோமீட்டர் தள்ளிப் போகிறது, மங்கும் புலமோ அந்தத் தூரத்திலேயே நன்கு இளைத்துவிடும். அம்மோனியாவும் நீரும் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாது என்பது இன்னொன்று. டிஎன்ஏ இழைகளை மடித்துச் செய்த தட்டில் புள்ளிகளைக் கட்டிச் சிப்பில் வரிசையாக இறக்கும் முறையும் வளர்ந்துவருகிறது. மொத்தத்தில், இடம் பிடிக்கும் பிரச்சினை பொறுமையும் பொறியியலும் இருந்தால் தீரும் வகை.

## தீராத தடை: ஒப்புமை

காட்மியம் செலினைடு புள்ளி ஒளிர எடுக்கும் நேரம் அறை வெப்பநிலையில் சுமார் 20 நானோ விநாடி. அந்த நேரத்துக்கு இயற்கை அனுமதிக்கும் மிகக் குறுகிய கோட்டகலம், அதாவது ஒளிரும் நிறம் பரவியிருக்கும் அகலம், சுமார் 33 நானோ எலக்ட்ரான் வோல்ட். நிஜத்தில் ஒற்றைப் புள்ளியின் கோட்டகலம் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட பதினெட்டு லட்சம் மடங்கு. ஃபோட்டான் புறப்பட்டு முடிவதற்குள் படிகத்தின் அதிர்வுகள் அதன் நிறத்தை எத்தனையோ முறை ஆட்டிவிடுகின்றன என்று பொருள். இந்த நிலையில் ஒப்புமை பூஜ்யம் என்றே கொள்ளலாம்.

குழியால் இதைக் காப்பாற்ற முடியாதா? குழி ஒளிர்வை விரைவாக்கும். இது பர்செல் விளைவு. விரைவு எவ்வளவு என்பது குழியின் தரக் காரணியை (ஒளியை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்ற அளவை) அதன் கொள்ளளவால் வகுத்ததைப் பொறுத்தது. ஆனால் புள்ளியின் கோடே குழியின் கோட்டைவிட அகலமாக இருந்தால் குழியின் தரக் காரணி கணக்கில் வராது. அறை வெப்பநிலையில் 520 நானோமீட்டரில் 20 நானோமீட்டர் அகலம் என்றால் தரக் காரணி வெறும் 26. பல ஆயிரம் தரக் காரணி கொண்ட அழகான குழியைக் கட்டினாலும் பயன் 26 அளவுக்கே.

குளிர்வித்தால் நிலைமை மாறும். 4 கெல்வினில் அதிர்வுகள் அடங்கும். ஆனால் காட்மியம் செலினைடின் கடைமட்ட நிலை ஒளிரத் தயங்கும் ‘இருண்ட’ நிலை. மைக்ரோ விநாடிக் கணக்கில் காத்திருக்கும். அதற்குள் புள்ளியின் மேற்பரப்பில் ஒரு மின்னூட்டம் அங்குமிங்கும் தாவி நிறத்தை நகர்த்திவிடும். பெரோவ்ஸ்கைட் சில நூறு பிக்கோ விநாடியிலேயே ஒளிர்ந்து முடிக்கிறது. அது முன்னுக்கு வந்த காரணம் இந்த வேகம்தான்.

2019-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் பவெண்டி குழு சீசியம் லெட் புரோமைடு ஒற்றைப் புள்ளியில் ஓரியல்பு நேரம் (ஒளி அலையின் ஒழுங்கு கலையாமல் நீடிக்கும் நேரம்) ஏறக்குறைய 80 பிக்கோ விநாடி என்றும், ஒளிரும் ஆயுள் சுமார் 210 பிக்கோ விநாடி என்றும் அளந்தது. ஓரியல்பு நேரத்தை ஆயுளின் இரு மடங்கால் வகுத்தால் 0.19. முழு ஒப்புமைக்கு இது 1 ஆக வேண்டும். 2023-ல் அதே பொருளில் ஹாங்-ஓ-மாண்டல் சோதனையே நடத்தி, திருத்தத்துக்குப் பின் 0.56 வரை காட்டினார்கள். குழி எதுவும் இல்லாமல். கூழ்மப் புள்ளிக்கு இது பெரிய முன்னேற்றம். வெற்றிடத்தில் வளர்த்த புள்ளிகள் 0.95-ஐத் தாண்டி வெகுகாலம் ஆகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். அந்தச் சோதனையில் மோதவிட்டது ஒரே புள்ளி அடுத்தடுத்துத் தந்த இரண்டு ஃபோட்டான்களை. சிப்பில் வேண்டியது இரண்டு வெவ்வேறு புள்ளிகளின் ஃபோட்டான்கள். ஒரே குப்பியிலிருந்து எடுத்த புள்ளிகளின் நிறம் 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை சிதறியிருக்க, 0.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் பொருந்தும் ஜோடி தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மின்புலம் கொடுத்து நிறத்தைச் சற்று நகர்த்தலாம்; அந்த மின்புலமே மேற்பரப்பு மின்னூட்டங்களையும் கிளறிவிடலாம்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் கோட்டை அகலமாக்குவது எது? தளர்ந்த லிகண்ட், மேற்பரப்பில் விட்டுப்போன புரோமைடு அயனி, சீரற்ற ஓடு, அளவுச் சிதறல். சிப்பில் வடிவங்களைப் பொறிக்கும் லித்தோகிராஃபி இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இவற்றைத் திருத்தாது. குடுவையில்தான் திருத்த முடியும்.

## இப்போதே எதற்குப் பயன்படும்

ஒப்புமை தேவைப்படாத வேலைகளும் உண்டு. 1984-ல் முன்மொழியப்பட்ட ரகசியக் குறியீட்டுப் பகிர்வு முறைக்குத் தூய்மையும் வெளிச்சமும் போதும். குவாண்டம் சீரற்ற எண் உருவாக்கத்துக்கும் அப்படியே. அறை வெப்பநிலைக் கூழ்மப் புள்ளிக்கு இவையே நேர்மையான முதல் இலக்குகள்.

இங்கேயும் நிறம் குறுக்கே நிற்கும். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கி.மீ. 1550 நானோமீட்டர் ஒளிக்குக் கண்ணாடி இழையில் இழப்பு கி.மீ.க்கு 0.2 டெசிபல், மொத்தம் 18 டெசிபல், நூறு ஃபோட்டானில் ஒன்றிரண்டு போய்ச் சேரும், அது போதும். 520 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு இழப்பு கி.மீ.க்கு 10 டெசிபலுக்கு மேல். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். பாதி வழி எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். பச்சைப் புள்ளி திறந்த வெளியில் தொலைநோக்கி வழியாக அனுப்பும் இணைப்புக்கோ, ஒரே சிப்புக்குள் நடக்கும் வேலைக்கோதான். இழைக்குத் தோதான அலைநீளத்தில் ஒளிரும் லெட் சல்ஃபைடு புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவை மைக்ரோ விநாடிக் கணக்கில் நிதானமாக ஒளிர்வதால் விநாடிக்குக் கிடைக்கும் ஃபோட்டான் குறைவு.

## காரைக்குடியில் எது முடியும்

1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்தது. 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. வேதியியலிலும் மின்வேதியியலிலும் ஊன்றிய ஊர் இது. அந்த வலிமையோடு பொருந்தும் வேலை எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

- ஒரு நல்ல வேதியியல் ஆய்வகத்தில் முடிவது: காற்றுபடாமல் வேலை செய்ய உதவும் ஷ்லெங்க் குழாய் அமைப்பு, ஆர்கான் சிலிண்டர், கிளவ் பாக்ஸ் இருந்தால் புள்ளித் தயாரிப்பு, லிகண்ட் மாற்றம், ஓடு வளர்ப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரோவ்ஸ்கைட்டைத் திறந்த மேசையில் கையாளக் கூடாது.
- சிறிய ஒளியியல் மேசையில் முடிவது: 405 நானோமீட்டர் துடிப்பு லேசர், நூறு மடங்கு பொருள்வில்லை, பிரிப்புக் கண்ணாடி, இரண்டு ஒற்றை ஃபோட்டான் உணர்விகள், நேரம் பதியும் மின்னணுப் பெட்டி. காட்மியம் வகைக்கு லேசர் விநாடிக்கு 50 லட்சம் துடிப்பு போதும். துடிப்புகளுக்கு இடையே 200 நானோ விநாடி, அதாவது ஒளிரும் ஆயுளைப் போல் பத்து மடங்கு. அதைவிட வேகமாக அடித்தால் முந்தைய துடிப்பின் வால் அடுத்ததில் ஏறி, ஜி-2 மதிப்பைப் பொய்யாக்கும்.
- வெளியே போய்ச் செய்ய வேண்டியது: நைட்ரைடு படிவித்தல், எலக்ட்ரான் கற்றை, 4 கெல்வின் அளவீடு. குவாண்டம் திட்டத்தின் நான்கு மையங்களில் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில், கணினி மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். சிப்பை அங்கே செய்து, புள்ளியை இங்கே ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்த பங்கீடு. புள்ளி கடைசியில்தான் ஏறுகிறது என்பதால் இது முடிகிறது. காட்மியம், ஈயம், சீசியம் பட்ட தகட்டை எந்தச் சிலிக்கான் ஆலையும் திரும்ப உள்ளே விடாது என்பதால் இப்படித்தான் செய்தாகவும் வேண்டும்.

கழிவைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லெட் புரோமைடு பெரோவ்ஸ்கைட் நீர் பட்டால் சிதைந்து ஈயத்தை விடும். கழுவிய கரைப்பானைத் தொட்டியில் ஊற்றினால் அது மண்ணுக்குப் போகும். ஊருணியையும் கிணற்றையும் நம்பி வாழும் வட்டாரத்தில் இது மன்னிக்க முடியாத தவறு. கன உலோகக் கழிவு என்று எழுதிய தனிக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

## அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. ஜி-2 எவ்வளவு? பின்னணியைக் கழித்த பிறகா, கழிக்காமலா?
2. ஒப்புமை அளக்கப்பட்டதா? ஒரே புள்ளியிலா, இரண்டு புள்ளிகளுக்கு இடையிலா?
3. எந்த வெப்பநிலை? அறை வெப்பநிலை என்றால் இரண்டாம் கேள்விக்குப் பதில் இருக்காது. அப்போது அது தகவல்தொடர்புக்கான சாதனம், கணினிக்கானது அல்ல.
4. எத்தனை இடங்களில் முயன்று எத்தனையில் ஒற்றைப் புள்ளி உட்கார்ந்தது? சிறந்த ஒரு சாதனத்தின் படம் மட்டும் இருந்தால் அது ஆய்வகச் சாதனை.
5. எத்தனை நாள் ஒளிர்ந்தது? காற்றுபடாமல் மேலே அலுமினா மூடப்பட்டதா, மூடும்போது ஒளி எவ்வளவு குறைந்தது? பெரோவ்ஸ்கைட் பற்றிய அறிக்கையில் இந்த வரி இல்லையென்றால் மற்ற நான்கு பதில்களும் புதிதாகச் செய்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.